இடது கை தூக்கிய வகுப்பு

1

நேற்று எங்கள் பள்ளிக்கூடத்து நடைபாதையில் ஒரு பெரிய புகைப்படத்தை மாட்டினார்கள். எங்கள் விருதுநகர் மாவட்டத்துத் தாயில்பட்டிப் பிள்ளைகள் நாற்பது பேரும் கையைத் தூக்கிக்கொண்டு சிரிக்கிற படம். அடியில் ஆங்கிலத்தில் ‘கற்கத் துடிக்கும் கைகள்’ என்ற பொருளில் ஒரு வரி. அதற்கும் கீழே தமிழில் ‘வணக்கம்’ வேண்டும் என்று கேட்டிருந்தார்கள், எழுதிக் கொடுத்தேன். அச்சடித்து வந்தபோது புள்ளிகள் காணாமல் போய் ‘வணககம’ என்று இருந்தது. மாற்ற வேண்டும் என்றேன். யாருக்குத் தெரியப்போகிறது என்று அலுவலகத்து அம்மா அன்போடு சொல்லிவிட்டார்.

வடக்கு இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊர் இது. இங்குள்ள மேல்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆய்வக உதவியாளர். சோதனைக் குழாய்களைக் கழுவி அடுக்குவது, அமிலங்களை அளந்து வைப்பது, பாடம் முடிந்ததும் மேசையைத் துடைப்பது என் வேலை. விருதுநகரில் ஒன்பதாம் பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் நடத்திக்கொண்டிருந்தவள்தான். என் பெயர் தனலட்சுமி. இங்கே ‘டானா’.

படத்தைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் நெகிழ்ந்தார்கள். நம் பிள்ளைகளும் இப்படிக் கை தூக்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் யாராவது பார்த்திருந்தால் முதலில் எந்தக் கை என்று பார்த்திருப்பார்கள். முன் வரிசையில் நான்கைந்து பேரைத் தவிர அத்தனை பேரும் தூக்கியிருப்பது இடது கை.

2

இன்ஸ்பெக்‌ஷன் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன், இப்போதெல்லாம் எப்படியோ தெரியாது.

நான் படித்த பள்ளியில் அதிகாரி வருகிற அன்று காலையிலேயே டீச்சர் கதவைச் சாத்திவிட்டு விதியைச் சொல்லிவிடுவார். ஐயா கேள்வி கேட்டால் எல்லாரும் கை தூக்க வேண்டும். பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. அவர் முன்னால் டீச்சர் எங்களில் ஒருவரை எழுப்புவார், வலது கையாகப் பார்த்து. அதிகாரி மகிழ்ந்து டீ குடித்துவிட்டுப் போவார். அவரும் இதே மாதிரி ஒரு பள்ளிக்கூடத்தில் இடது கை தூக்கியவராகத்தான் இருந்திருப்பார், அதனால் ஏமாந்தார் என்றும் சொல்ல முடியாது. மறுநாள் டீச்சர் இடது கைகளை ஞாபகம் வைத்துக்கொண்டு அந்தப் பாடத்தைத் திரும்ப நடத்துவார். எங்களுக்கு அதில் வெட்கமே இருந்ததில்லை. தெரியாது என்று சத்தமில்லாமல் சொல்வதற்கு ஒரு கை இருந்தது, அதைப் பார்க்கிற டீச்சரும் இருந்தார்.

இந்த ஊருக்கு வந்தபின் என்னையும் நிறைய பேர் இன்ஸ்பெக்‌ஷன் செய்தார்கள். எம்.எஸ்சி., பி.எட். சான்றிதழ்களை அனுப்பினேன். எந்த மொழியில் படித்தாய் என்று கேட்டு வந்தது. ஆங்கிலத்தில் என்று எழுதினேன். பல்கலைக்கழகத்திடம் அதற்கு அத்தாட்சி வாங்கி வா என்றார்கள். அங்கே ஒரு குமாஸ்தாவைப் பிடித்து, என் தம்பி மூன்று முறை மதுரைக்கு அலைந்து, அத்தாட்சியும் வந்தது. காகிதத்தில் ஆங்கிலம்தான். வகுப்பில் பேராசிரியர் தமிழில் விளக்கினார், தமிழில் திட்டினார், அதனால்தான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகும் ஒரு மாதிரிப் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். பதற்றத்தில் ‘டர்ன் ஆஃப் த டேப்’ என்பதற்குப் பதில், நம் ஊரில் சொல்வதுபோல ‘க்ளோஸ் த டேப்’ என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். பின் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் குனிந்து ஏதோ எழுதினார். ஆசிரியர் வேலைக்கு இன்னும் காலம் ஆகலாம், அதுவரை ஆய்வகத்தில் இருக்கலாமே என்று கடிதம் வந்தது. அந்த ‘அதுவரை’தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

3

இங்குள்ள பள்ளிகள் வெளிநாட்டுப் பள்ளிகளோடு கைகோர்க்க வேண்டும் என்று ஒரு அலை அடித்த காலம் இது. அதற்கென்று பணமும் ஒதுக்கியிருந்தார்கள். எங்கள் அறிவியல் துறைத் தலைவி ஹெலன், நல்ல மனுஷி, என்னிடம் வந்து, உங்கள் ஊரில் ஒரு பள்ளி சொல்லுங்கள், நாம் சேர்ந்து அறிவியல் படிக்கலாம் என்றார். நான் தாயில்பட்டியைச் சொன்னேன். அங்கே என் தங்கை ஜெயா எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு அறிவியல் டீச்சர்.

ஜெயாவின் எட்டாம் வகுப்பை நான் ஒரு விடுமுறையில் பின்னால் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பட்டாசுக் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள்தான் வகுப்பு முழுக்க. எரிவெப்பநிலை பாடம். “உங்க வீட்டுல மருந்து கலக்குற வேலைக்கு ஏன் விடியமுன்னயே போறாக?” என்று தொடங்கினாள். அவ்வளவுதான், வகுப்பு அவள் கையில் இல்லை. வெயில் ஏறுவதற்குள் கலந்து முடிக்க வேண்டும் என்று ஒருவன், இரும்புக் கரண்டி ஆகாது என்று இன்னொருத்தி. முத்துமாரி என்ற பெண் எழுந்து, “டீச்சர், மேகம் கூடுனா எங்கம்மாவ வெளிய போகச் சொல்லிருதாக. இடி விழுறதுக்கு முன்னயே ஏன் சொல்றாக? காத்துல அப்பவே கரண்டு இருக்குமா?” என்று கேட்டாள். ஜெயா பாடத்தை விட்டுவிட்டு மின்னூட்டத்துக்குப் போனாள். மணி அடித்தும் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

முத்துமாரிக்கு அப்பா கிடையாது. அம்மா திரி வைக்கிற வேலை. பிளஸ் ஒன்னில் அறிவியல் பிரிவு எடுத்து நர்சுக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் திட்டம். ஊரில் அதற்கு முன் ஒரு பெண்ணும் அந்தப் பிரிவில் சேர்ந்ததில்லை. அந்தப் பிள்ளை சேரும் என்று ஜெயா என்னிடம் பந்தயமே கட்டினாள்.

பள்ளியை நடத்துவது ஒரு முதலாளி குடும்பம். தாளாளர், அந்த வீட்டுப் பெரியவரின் மகன், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். இங்கிலாந்துப் பள்ளி என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இணைய வசதி வேண்டுமென்று சிவகாசியில் தங்கள் கம்பெனியின் ஏ.சி. அறையைத் திறந்துவிட்டார், பிள்ளைகளைக் கூட்டிவர வேலையாட்களின் வேனை அனுப்பினார். அதுவரை சரி. பிறகு ஜெயாவைக் கூப்பிட்டு, “இங்கிலீஷ்காரங்க பாக்கும்போது தமிழ்லயா டீச்சர் பாடம் எடுப்பீங்க? கேவலமா இருக்காது?” என்றார். இது நல்லபடியாக நடந்தால் ஜூன் மாதத்திலிருந்து அறிவியலும் கணக்கும் முழுக்க ஆங்கிலத்தில்தான் என்றும் சொல்லிவிட்டார்.

இங்கிலாந்தில் ஒருவரும் ஆங்கிலத்தைக் கேட்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் வருகிறது. ஹெலன், எந்த மொழியானாலும் சரி, டானா மொழிபெயர்ப்பார் என்றுதான் சொல்லியிருந்தார். கேட்காதவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

4

முதல் இணைப்பு அன்று இங்கே காலை, அங்கே பிற்பகல். திரையில் பிள்ளைகள் எண்ணெய் வைத்துத் தலைசீவி, ஏ.சி. குளிரில் தோளைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் தாளாளர் நின்றார். இந்தப் பக்கம் எங்கள் எட்டாம் வகுப்பு, அதில் என் மகள் காவ்யாவும் உண்டு.

ஹெலன் மெழுகுவர்த்தியை ஏற்றி, கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தார். சுடர் அணைந்தது. ஏன் என்று ஆங்கிலத்தில் கேட்டார்; மொழிபெயர்ப்பு தேவையில்லை என்று தாளாளர் முன்பே எழுதியிருந்தார். அந்தப் பக்கம் அத்தனை கைகளும் ஒரே நேரத்தில் எழுந்தன.

ஹெலனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் வகுப்பைத் திரும்பிப் பார்த்து, கவனித்தீர்களா, எவ்வளவு ஆர்வம் என்றார். யாரோ படம் எடுத்தார்கள். நான் கேபிளைப் பிடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் குனிந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தேன். முத்துமாரியைத் தேடினேன், அன்று வகுப்பில் எழுந்து நின்று கேள்வி கேட்ட முகம்தான். அவள் கையும் இடது கை. தமிழில் கேட்டிருந்தால் கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜெயாவுக்குப் போன் போட்டேன்.

“நீ பாத்துட்டியாக்கா?” என்றாள் எடுத்த எடுப்பில்.

“பாக்காம என்ன. நீதான் சொல்லிக்கொடுத்தியா?”

“வேற என்ன செய்யச் சொல்லுத? பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை வெளங்கல. தெரியலன்னு வாயத் தொறந்து சொன்னா தாளாளரு பின்னாலயே நிக்கிறாரு. கையையாவது தூக்கட்டும்னு விட்டேன். எனக்காவது தெரியணும்ல, யாருக்குப் புரியலன்னு.”

பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அக்கா, நீ அந்தம்மாகிட்டச் சொல்லேன். பிள்ளைக தமிழ்லயே பேசட்டும்னு அவுக ஒரு வார்த்தை எழுதுனாப் போதும். நான் சொன்னா கேக்கமாட்டாரு. வெள்ளக்காரம்மா சொன்னா அடுத்த நிமிசம் கேப்பாரு.”

தாயில்பட்டியில் தமிழில் பாடம் நடத்துவதற்கு இங்கிலாந்திலிருந்து ஆங்கிலத்தில் அனுமதி வர வேண்டும். இதை என் தங்கை சாதாரணமாகச் சொன்னாள், நானும் சாதாரணமாகக் கேட்டுக்கொண்டேன்.

5

திங்கட்கிழமை ஹெலனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இடது கை, வலது கை, ஜூன் மாதம், எல்லாம். அவர் உண்மையிலேயே அதிர்ந்துபோனார். அன்று மாலையே தாளாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். பிள்ளைகள் தங்கள் சொந்த மொழியில் பேசுவதைக் கேட்க எங்களுக்கும் ஆசை, தெரியாததைத் தெரியாது என்று தயங்காமல் சொல்லலாம், கை தூக்கும் முறையைப் பற்றிக் கேள்விப்பட்டோம், அதில் தவறொன்றும் இல்லை என்று கனிவாக எழுதியிருந்தார். எனக்கும் படித்துக் காட்டினார். கை தூக்கும் முறையைப் பற்றிய அந்த ஒரு வரி மட்டும் எனக்கு உறுத்தியது. ஆனால் அதற்குள் அனுப்பியாகிவிட்டது.

பதில் மறுநாளே வந்தது. தங்கள் மேலான ஆலோசனைக்கு நன்றி, குறை சரிசெய்யப்பட்டது என்று இரண்டு வரி.

அடுத்த இணைப்பில் ஹெலன் மெழுகுவர்த்தியை எரியவிட்டு, குறைந்து போன மெழுகைக் காட்டி, இது எங்கே போனது என்று கேட்டார். அத்தனை கைகளும் எழுந்தன. அத்தனையும் வலது கை.

ஹெலன் என் பக்கம் திரும்பி முகம் மலரச் சிரித்தார். பார்த்தாயா, ஒரு மின்னஞ்சலில் எவ்வளவு மாற்றம் என்று அந்தச் சிரிப்புக்குப் பொருள். திரையில் ஜெயா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளுக்கு என்ன சொல்லப்பட்டிருக்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. இனி எவனும் இடது கையைத் தூக்கக் கூடாது. அவ்வளவுதான் சரிசெய்யப்பட்ட குறை.

இந்த முறை நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று ஹெலன் முத்துமாரியைக் காட்டினார். முத்துமாரி எழுந்தாள். கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, எரிதல் என்பது ஒரு பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து வெப்பத்தையும் ஒளியையும் வெளியிடும் வேதிவினை என்ற வரையறையை ஆங்கிலத்தில், மூச்சு விடாமல், கடைசி எழுத்து வரை ஒப்பித்தாள். கேட்ட கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஹெலன் கையிலிருந்த மெழுகைப் பார்த்தார். பிறகு ஹெலன், அருமை என்றார். கைதட்டினார். எங்கள் வகுப்பு முழுக்கக் கைதட்டியது. தாளாளர் குனிந்து வணங்கினார். “கேள்வி அது இல்லம்மா, மெழுகு எங்க போச்சுன்னு கேக்காங்க” என்று நான் இங்கிருந்து தமிழில் சொன்னேன். மைக் ஹெலன் சட்டையில் இருந்தது. கைதட்டலில் என் குரல் என் காதுக்கே கேட்கவில்லை. முத்துமாரி முகம் பூரிக்க உட்கார்ந்தாள்.

அன்று மாலை வீட்டில் காவ்யாவிடம் கேட்டேன். அந்தப் பிள்ளை வேறு எதையோ சொன்னாளே, நீ கவனிக்கவில்லையா?

“எல்லாரும்தான் கவனிச்சோம்,” என்றாள் ஆங்கிலத்தில், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். “அதைச் சொல்லிக்காட்டினா மரியாதையா இருக்காதும்மா. பாவம், அவங்க.”

போன வாரம் இவள் அமிலத்துக்கும் காரத்துக்கும் வித்தியாசம் தப்பாகச் சொன்னபோது இதே ஹெலன் இவளை எழுப்பி நிற்கவைத்து, மூன்று முறை திருத்தி, சரியாகச் சொல்லும்வரை விடவில்லை. வந்து என்னிடம் அழுதாள். ‘அவங்க’ என்று என் மகள் சொன்ன அந்தச் சொல்லில் என் தங்கை இருக்கிறாள், நானும் இருக்கிறேன். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அவள் ஏன் என்று கேட்கவும் இல்லை.

6

மறுநாள் ஜெயா தன் வகுப்பில் கதவைச் சாத்திவிட்டு அதே கேள்வியைத் தமிழில் கேட்டிருக்கிறாள். மெழுகு எங்கே போனது? “காத்துக்குத்தான் டீச்சர். ஆவியாவும் புகையாவும் மாறிப் போயிருச்சு. காணாமப் போகல, நம்ம கண்ணுக்குத் தெரியல, அம்புட்டுத்தான்” என்றாளாம் முத்துமாரி. அப்படியானால் நேற்றுச் சொன்னது தப்பு என்று ஜெயா சொல்ல, முத்துமாரி சிரித்திருக்கிறாள். “போங்க டீச்சர். அவுகளே கை தட்டுனாக.”

ஜூனில் எல்லாம் ஆங்கிலமானது. தமிழ்ப் புத்தகங்களைத் திரும்ப வாங்கிக் கட்டி வைத்துவிட்டார்கள். முத்துமாரியின் அம்மா வெம்பக்கோட்டையில் தமிழில் நடத்தும் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றலாமென்று டி.சி. கேட்டுப் போயிருக்கிறார். தாளாளர் கொடுக்கவில்லை. “உம்மகளத்தான் இங்கிலாந்துல பேரு சொல்லிக் கேக்குறாங்க. அவள எப்படி அனுப்ப முடியும்?” என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டார். அது உண்மைதான். ஹெலன் ஒவ்வொரு முறையும், முத்துமாரி எப்படி இருக்கிறாள் என்றுதான் மின்னஞ்சலைத் தொடங்குகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயா கூப்பிட்டாள். அரையாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்திருந்தாள். குரலே சரியில்லை.

“முத்துமாரி பேப்பர்லக்கா. எரிதல் பத்தி ஒரு கேள்விதான் வந்துச்சு. மத்தது எல்லாம் செல்லு, விசை, காந்தம். அந்தப் பிள்ளை எல்லாத்துக்கும் அதையே எழுதி வச்சிருக்கு. அன்னைக்கு ஒப்பிச்சாள்ல, அதே நாலு வரி. அழகான கையெழுத்துல, ஒவ்வொரு கேள்விக்கும் கீழ. கேள்வியே அதுக்கு வெளங்கல. கைதட்டு வாங்குன பதில் ஒண்ணு இருக்கேன்னு அதையே எழுதிருச்சு.”

“மார்க்கு?”

“எங்கிட்டு மார்க்கு போட? பெயிலு. அறிவியல் பிரிவெல்லாம் இனிமே நெனைக்கவே முடியாது. ஒம்பதுல இப்படியே போனா பத்தே தாண்டாது. சீசனுக்கு ஆளு வேணும்னு கம்பெனியில கேட்டுக்கிட்டுத்தான் இருக்காக. நேத்து அவ அம்மா பள்ளிக்கொடத்துக்கு வந்துச்சு. என்கிட்ட கோவமாக்கூடப் பேசல. ‘டீச்சர், எம்மக சொன்னது சரின்னு வெள்ளக்காரவுகளே கை தட்டுனாகளாம்ல. அதையேதான எழுதியிருக்கா. நீங்க ஏன் பெயிலு போட்டீக?’ன்னு கேட்டுச்சு. நான் என்னக்கா சொல்லட்டும்?”

நேற்று, புகைப்படத்தைப் பார்த்து முடித்து எல்லாரும் கலைந்த பிறகு, ஹெலனைத் தனியே நிறுத்தி அந்தத் தாயின் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் கேட்டேன். என் ஆங்கிலம் அன்று தடுமாறவில்லை.

ஹெலன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தப்பு என்று எனக்குத் தெரியும் டானா, அன்றே தெரியும் என்றார். அவ்வளவு தூரத்தில் ஒரு சின்னப் பெண், எத்தனையோ கஷ்டத்தில் படிக்கிறவள், கேமரா முன்னால் அவள் மனம் நோகும்படி நடந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை என்றார். அவர் கண்ணில் நீர் இருந்தது. அது பொய்க் கண்ணீர் என்று நான் சொல்லமாட்டேன்.

என் மகள் மனம் நோகுமே என்று ஒருநாளும் நீங்கள் யோசித்ததில்லையே என்று கேட்டேன். ஹெலன், அவள் என் மாணவி அல்லவா என்றார்.

கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன். ஜெயாவுக்கு இன்னும் போன் செய்யவில்லை. அந்தத் தாய் மறுபடியும் வந்து கேட்டால் சொல்வதற்கு இதுதான் இருக்கிறது: உங்கள் மகள் சொன்னது தப்பு என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், அவளைத் தங்கள் பிள்ளையாக நினைத்திருந்தால் திருத்தியிருப்பார்கள்.